மெத்தென்ற காலர்

அன்புள்ள அக்காவுக்கு, உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. உன் மூட்டு வலி குறைந்ததா? நான் நலம். கட்டைவிரல் மட்டும் சற்று வீங்கியிருக்கிறது, பயப்படாதே.

நான் சலவை பார்க்கும் ஜூஜிட்சு மல்யுத்தக் கூடத்தில் உதவிப் பயிற்சியாளன் ஒருவன், வியர்வை நாறும் உடுப்பை என் தலைமேல் எறிந்ததை எழுதியிருந்தேன். “வாயைத் திறக்காம துவைச்சுப் போடு, கிழவி” என்றானே, அவன்தான். மறுநாளே பெண்கள் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது. காலரைப் பிடித்துக் கழுத்தை இறுக்குவது அங்கே முக்கியமான பாடம். விறைத்த காலர் கைக்கு அடங்காது. அதனால் அவன் உடுப்பை மட்டும் தினமும் வெந்நீரில் இரண்டு முறை துவைத்து மெத்தென்று ஆக்கினேன்.

நேற்று புதியவர்களுக்குச் செய்துகாட்ட, வேடிக்கைக்காக என்னைக் கூப்பிட்டான்.

“வாங்க பாட்டி, சும்மா பிடிச்சுப் பாருங்க.”

பிடித்தேன். முகம் சிவந்து என் தோளில் தட்டினான். தட்டினால் உடனே விடவேண்டும் என்பது விதி. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் விதி மீறுவாளா? விட்டேன்.

“என்னம்மா, கொல்லப் பாத்தீங்களா?”

“இல்ல தம்பி, அழுக்கு போயிருக்கான்னு பாத்தேன்.”

கூடமே சிரித்தது. மாலையில் உடுப்பை மடித்து, இரண்டு கையாலும் கூடையில் வைத்துவிட்டுப் போனான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

வகுப்பில் கொண்டை ஊசி கூடாது. கறுப்பு நாடா இரண்டு அனுப்பு. நீ பின்னிவிட்டால் நாள் முழுக்க அவிழாது. இங்கே பின்னிவிட ஆளில்லை.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. அவன் உடுப்பு வெந்நீரில் ஊறுகிறது, இன்றைக்கு இரண்டாவது முறையாக.

உன் தங்கை