டீச்சரம்மாவின் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வலிக்கிறது, கடைத்தெருவுக்குக் கிளம்பினால் வலிப்பதில்லை. உன் சுகத்தை நீ விவரமாக எழுது, ஃபோனில் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பதிலை வைத்திருக்கிறாய், காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதற்குக்கூட அதே பதில்தான்.

ஒரு வீட்டுக்கு மரத் தடுப்பு வரைகிறேன் என்று போன மாதம் சொன்னேனே, அந்தக் கதையை முழுசாகக் கேள். அந்த வீட்டில் ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒருவர், இடுப்பெலும்பு முறிந்து மாடி ஏற முடியாததால் கட்டிலை ஹாலுக்கே இறக்கிவிட்டார்கள். வருகிறவர் போகிறவர் கண்ணில் கட்டில் படக் கூடாது, கடையில் விற்கிற தடுப்பும் வேண்டாம், எங்க வீட்டுக்குன்னே வரைஞ்சு குடுங்க என்று அவர் மருமகள் வந்து கேட்டாள். நானோ முப்பது வருஷமாகக் கடை போர்டு எழுதுகிறவள், படம் என்று பார்த்தால் பல் டாக்டருக்கு ஒரு பல், செருப்புக் கடைக்கு ஒரு செருப்பு, அவ்வளவுதான். உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, எழுத்தோட நிறுத்திக்க என்றார் உங்கப்பா. அந்த ஒரு சொல்லுக்காகவே ஒத்துக்கொண்டேன். கீல் வைத்து மடக்குகிற நாலு பலகை, முழுக்க நாணல், தண்ணீர், ஏழு நாரை. நீ பார்த்திருந்தால் அசந்து போயிருப்பாய்.

கொண்டுபோய் ஹாலில் நிறுத்தினோம், மருமகளுக்கு வாயெல்லாம் பல். அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சரம்மா குரல் வருகிறது, எனக்கு என்னம்மா வரைஞ்சிருக்க, ஒண்ணும் புரியலையே என்று. பாப்பா, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கடை போர்டு என்றால் பின்பக்கம் சுவரோடு போய்விடும், அதில்தான் பிரஷ் துடைப்பேன், அளவு குறிப்பேன், கை பழகிப்போய் இதிலும் அப்படியே செய்து வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கப் போகிறவருக்கு நான் கொடுத்தது பெயின்ட் கறையும் பென்சில் கூட்டலும்! மருமகள் பரவாயில்லை விடுங்க என்றாள், எனக்கு மனசு கேட்கவில்லை. கூட வந்த உங்கப்பா கீலைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார், அதுதான் இன்னும் எரிச்சல். கட்டில் பக்கத்தில் போய், உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்க, அதை வரையாம இதை விட மாட்டேன் என்றேன். கொக்கு குருவியெல்லாம் வேண்டாம், மாடி ஜன்னல்ல தெரியுமே எங்க தெரு, அதைப் பாத்து அஞ்சு மாசம் ஆச்சு என்றார்.

மாடிக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தெருவில் பாதி போர்டு நான் எழுதினது, மேலிருந்து அவற்றைப் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் பதினோரு நாள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வேலை, அவர் கையில் பிரம்பு இல்லாத குறைதான். தையல்காரன் பத்து மணிக்கு முன்னாடி ஷட்டர் தூக்கவே மாட்டான், சோம்பேறி, பாதி மூடின மாதிரி போடு என்கிறார். மருந்துக்கடை வாசல் பூனையை மறந்துவிட்டேன் என்று அரை நாள் என்னோடு பேசவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலி. வெள்ளிக்கிழமை முடித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்க்கிறார். பிறகு தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு, எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, மறைக்காதீங்க, நான் தெருவைப் பாக்கணும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். என்னைக் கூட்டிப்போக வந்திருந்த உங்கப்பா, வீடு வரும்வரை பெயின்ட் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காதே. நீ போய் நாலு வருஷம் ஆகிறது, சாப்பாட்டைக் கேட்டேன், வேலையைக் கேட்டேன், உன் ஜன்னலில் என்ன தெரியும் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. இடமிருந்து வலமாக, ஒரு குப்பைத்தொட்டியைக்கூட விடாமல் எழுதி அனுப்பு. எங்கள் கட்டிலுக்கு எதிர்ச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.

நகக்கண்ணில் இன்னும் பச்சை பெயின்ட் போகாத
உன் அம்மா