படிவத்தில் இல்லாத கட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று அப்பா தன் பக்கத்தில் எழுதியிருக்கிறார். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இதைப் படிக்கும் முன் ஏதாவது சாப்பிட்டுவிடு. அப்பா உறையை இன்னும் ஒட்டவில்லை, அவருடைய தாளுக்கு நடுவில் இதை மடித்து வைக்கப் போகிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவதால் வரிகள் மேலும் கீழுமாகப் போகின்றன, அம்மா இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான், அப்பா இத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட நம் கிளை நூலகத்தை மூடப் பார்க்கிறார்கள். மாதம் முந்நூறு புத்தகங்களுக்குக் குறைவாக வீட்டுக்கு இரவல் போகும் கிளை, தொடர்ந்து மூன்று மாதம் அப்படியே இருந்தால், அதைத் தலைமை நூலகத்தோடு சேர்த்துவிடுவார்களாம். சேர்ப்பது என்றால் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு போவது. முதல் மாதம் இருநூற்றுப் பத்து, அடுத்த மாதம் நூற்றுத் தொண்ணூறு. அப்பா தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார், சார் தினமும் நாற்பது பேர் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள், அவர்களை எதில் எழுதுவது என்று கேட்டார். அந்தப் பக்கத்து ஆள், “படிவத்துல என்ன கட்டம் இருக்கோ அத மட்டும் நிரப்புங்க சார், இல்லாத கட்டத்துக்கு நான் எங்க போறது” என்று வைத்துவிட்டாராம். பேருந்துப் பணிமனை ஓட்டுநர், நம் முன்வரிசை நாற்காலிக்காரர், அதைக் கேட்டுவிட்டு, “உக்காந்து படிச்சா கணக்கு இல்ல, தூக்கிட்டுப் போனாத்தான் கணக்கா? அப்ப இந்த நாற்காலியத் தூக்கிட்டுப் போறேன், என் பேர்ல எழுதிக்கிங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை. தையல் கடை அக்காவிடம் நீங்களாவது இரண்டு எடுத்துப் போங்களேன் என்று நான் கெஞ்சினேன். “வீட்டுக்குக் கொண்டு போனா என் மாமியார் அத எடுத்துத் தண்ணிப் பானைய மூடி வெச்சிடும் கண்ணு, எனக்குன்னு இருக்கிற ஒரு மணி நேரம் இங்கதான்” என்றாள். அவளை என்ன சொல்வது?

கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைமை நூலகத்துக்காரர்கள் வழவழப்பான தாளில் தங்கள் வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள், முதல் பக்கத்திலேயே அவர்களுடைய ஐந்து மாடிக் கட்டடத்தின் படம், எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது என்பது போல. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இரண்டு தகரப் பெட்டிகளில் அறுபது புத்தகங்களை வைத்துக்கொண்டு ஏழு ஊர் சுற்றியது அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு பெட்டியை ஓர் ஊரில் விட்டால் சுற்றி முடித்துத் திரும்பி வர அவருக்குப் பதினான்கு நாள் ஆகும், அதனால்தான் இன்றைக்கும் அறுபத்து மூன்று கிளைகளிலும் ஒரு புத்தகத்துக்குத் தவணை பதினான்கு நாள். அந்தக் கடையின் பின்னறைதான் முதல் கிளை, அதுதான் பேருந்துப் பணிமனைக்கு மேலே இப்போதுள்ள நம் அறைக்கு மாறியது. வீட்டு வரியோடு நூலக வரி வந்தது, கிளைகள் பெருகின, வண்டி வந்தது, கணினி வந்தது, ஐந்து மாடியும் வந்தது. முதல் எண் போட்ட புத்தகம் இன்னும் நம் அலமாரியில்தான் இருக்கிறது. மூத்த பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டுக் கடைசிப் பிள்ளை குடும்ப வரலாறு எழுதுகிறது.

இனிமேல்தான் பயப்பட வேண்டிய பகுதி, நீ உட்கார்ந்துகொள். மூன்றாவது மாதம் நான் ஒரு வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை இல்லையா, பள்ளி விட்டதும் தூசி தட்ட என்று அப்பாவிடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன். அந்த வாரம் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைப் படித்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதையெல்லாம் அவரவர் உறுப்பினர் எண்ணில் வெளியே போனதாகப் பதிவேட்டில் எழுதி, புத்தகத்தின் கடைசிப் பக்கத் தாளிலும் திருப்பித் தர வேண்டிய தேதியைக் குத்தினேன். நான்கு வெள்ளிக்கிழமை, மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து பதிவேட்டை மாலையில் நான்தான் எழுதுகிறேன், அதனால் என் கையெழுத்தைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கூட்டிப் பார்த்தார், முந்நூற்றுப் பதினாறு. அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார், கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியும் விட்டார்.

ஆனால் ஆறு வயதிலிருந்து அந்தத் தேதி முத்திரையின் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி என் கை பழகிவிட்டது. அறைக்குள் போனதும் யோசிக்காமல் அன்றிலிருந்து பதினான்காம் நாளுக்குத் திருப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை கொடுத்தால் வெள்ளிக்கிழமைதான் திரும்பி வரும். விடுமுறை நாளில் யார் கொடுப்பார்கள்? நாற்பத்தொரு வருஷத்தில் நம் கிளையில் வெள்ளிக்கிழமைத் தேதி விழுந்ததே கிடையாது. சனிக்கிழமை ஒரு மாணவனுக்குக் கொடுக்க அப்பா புத்தகத்தைத் திறந்தவர், அந்தத் தேதியைப் பார்த்து நாள்காட்டியைப் பார்த்தார், பிறகு பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தலை தூக்கவில்லை. யார் தொட்டது என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொன்னேன் அக்கா. என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. இரவு சமையலறையில் அம்மாவிடம், “நான்தான் எழுதினேன்னு சொல்லிடறேன், அவளுக்குப் பரீட்சை வருது” என்றார். அம்மா, “ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷந்தான் இருக்கு, வேலையே போயிடுமே” என்று அழுதாள். “போனா போகுது, சும்மா இரு” என்றார். எண்ணிக்கை திடீரென்று கூடியது எப்படி என்று பார்க்கப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு அதிகாரி வருகிறார்.

அன்றைக்கு நான் பள்ளிக்குப் போகப் போவதில்லை. ஒன்பதரைக்கே சீருடையோடு போய் வாசலருகே உட்காருவேன், அப்பா வாய் திறப்பதற்கு முன் நான் சொல்லிவிடுவேன். பாட்டுப் போட்டியிலேயே பாதியில் அழுது இறங்கியவள் நான், உனக்குத் தெரியும். ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் போகவில்லை. எழுதியது தப்பு, அதை ஒப்புக்கொள்வேன். அந்த நாற்பது பேர் படித்தது தப்பா என்றும் கேட்பேன். ஒரு புதிய நோட்டில் கட்டம் நானே போட்டுவிட்டேன், பெயர், வந்த நேரம், போன நேரம், படித்த புத்தகம். இது பொய்க் கணக்கு இல்லை, ஞாயிறும் இன்றும் வந்தவர்கள் தாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டது, எண்பத்து மூன்று பேர். தையல் கடை அக்கா தன் பெயரை இரண்டு கட்டம் தாண்டிப் பெரிதாக எழுதியிருக்கிறாள். ஓட்டுநர் புதன்கிழமை பணி மாற்றிக்கொண்டு வருகிறாராம், “பயப்படாத பாப்பா, நீ பேசு, தொண்டை அடைச்சா நான் இருமுறேன்” என்றிருக்கிறார்.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்போது புதன்கிழமை போயிருக்கும், அதனால் வேண்டாம் என்று சொல்ல உனக்கு வழியில்லை, அதற்காகத்தான் தொலைபேசியில் சொல்லவில்லை. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா இன்றும் சாப்பிடும்போது சொன்னாள், அதை எழுதச் சொல்லாவிட்டாலும் எழுதுகிறேன். குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. நூற்றுப் பன்னிரண்டில் நூற்றொன்று உண்மையில் அந்த அறையில் படிக்கப்பட்டவை, எண்ணிக்கை போதாமல் மீதிப் பதினொன்றை உன் எண்ணில் எழுதிவிட்டேன், உன் அட்டையை அப்பா இன்னும் ரத்து செய்யவில்லை. அவர்கள் உனக்கு எழுதிக் கேட்டால், என்னைக் காப்பாற்ற நினைத்து எடுத்தேன் என்று சொல்லிவிடாதே. எடுக்கவில்லை என்றே எழுது, தெளிவாகக் கையெழுத்துப் போடு.

உன் தங்கை,
சில்வண்டு