காரணம் எழுத நாலு வரி

இஞ்சேரப்பா,

பத்து மணிக்கு வேலைக் கந்தோரிலை எனக்கு டெர்மின், வரச்சொல்லி நேரம் தந்திருக்கினம். தனியத்தான் போறன். புட்டு மூடியிருக்கு, மீன்குழம்பைச் சூடாக்குங்கோ. பன்னிரண்டுக்கு ஹீட்டர் திருத்த ஆள் வரும், வேலையாலை வந்த களைப்பிலை படுத்திடாதேங்கோ.

நீங்கள் சொன்னது சரி. சனிக்கிழமை எங்கடை மகன் சுகிர்தன் வந்து, நானா விலகிறன் எண்டு கம்பனி எழுதித் தந்த கடிதத்தை வாசிக்கும்வரை பொறுத்திருக்கலாம். நானாக் கையெழுத்து வைச்சு வேலையை விட்டபடியால், வேலையில்லாக் காசை மூண்டு மாதம் தராமல் விடலாமாம். தக்க காரணம் இருந்தால் மட்டும் தருவினமாம்.

படிவத்திலை காரணம் எழுத நாலு வரி விட்டிருக்கினம். கையெழுத்து வைக்காட்டியும் வேலையாலை நிப்பாட்டுவம் எண்டு மேலாளர் சொன்னவ. பத்தொன்பது வருசம் ஹோட்டல் துணி மடிச்ச இடத்திலை, கலைச்சு விட்ட ஆள் எண்டு பேர் வாங்க எனக்கு ஏலாமல் போச்சு. அதைத்தான் எழுதியிருக்கிறன். ஜேர்மன் பாசையிலை பிழையிருக்கும்.

சிவகௌரி

மற்றச் சாவி சப்பாத்துத் தட்டிலை கிடக்கு.

குழம்பிலை உப்புக் குறைவு, உங்கடை பிறசருக்காக.

ஒன்பது நாளா என்னோடை கதைக்கிறியளில்லை. ஏனப்பா கையெழுத்து வைச்சனி எண்டு நீங்கள் ஒருக்காலும் கேட்கேல்லை. இந்தப் படிவம்தான் கேட்டது.