பதிவில் கேட்ட சிரிப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று பேட்டி கொடுத்தவர் சரக்கு லாரி டிரைவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிறவியிலேயே இடது கண் இமை பாதி சரிந்தவர். டிரைவர்கள் தூங்குகிறார்களா என்று பார்க்க லாரிக்குள் கம்பெனி மாட்டிய கேமரா, அந்த இமையைத் தூக்கம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஓயாமல் எச்சரிக்கை மணி, மேலிடத்துக்குப் புகார். போன மாதம் வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள். தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்.

இயந்திரம் எடுக்கும் முடிவுக்குச் சட்டப்படி யார் பொறுப்பு என்பதுதான் என் ஆய்வு. இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

"கல்யாண போட்டோவுலயும் இந்தக் கண்ணுதாம்மா. அன்னைக்குத் தூங்கின மனுசன் இன்னும் எந்திரிக்கலன்னு வீட்டுக்காரி சொல்லுவா."

விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த மணியின் தொல்லை தாங்காமல் சில நாள் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓட்டினாராம். சொல்லிவிட்டு என் ரெக்கார்டரைப் பார்த்தார்.

"இது வெளிய போகாதில்ல?"

"உங்க பேர் எங்கயும் வராதுண்ணே."

மார்ச் 28, வெள்ளி

கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். இமை, பிளாஸ்திரி இரண்டையும் சேர்த்திருந்தேன். பெயர் மட்டும் இல்லை. நல்ல கைதட்டல். என் ஆய்வு நெறியாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

கம்பெனி வக்கீல் என் கட்டுரையைப் படித்திருக்கிறார். சரிந்த இமை உள்ள டிரைவர் அவர்களிடம் எத்தனை பேர் இருப்பார்கள்? பேட்டியின் ஒலிப்பதிவை ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்துவிட்டது.

வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; கோர்ட்டே கேட்டாலும் அவர் வெளியே சொல்ல வேண்டியதில்லை. ஆய்வாளரிடம் சொன்னதற்குக் கிடையாது. இது எனக்குத் தெரியும். இதையெல்லாம் படித்தவள்தானே நான்? பிறகு எந்தத் தைரியத்தில்—

அவர் கேட்டது, வெளியே போகாதில்ல என்று. நான் சொன்னது, பேர் வராது என்று. இரண்டும் ஒன்றா?

ஏப்ரல் 22, செவ்வாய்

அவரே போன் செய்தார். "அத அழிச்சிடுங்கம்மா. மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க."

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். "அழிச்சேன்னா சாட்சியத்த அழிச்ச கேஸ். படிப்பு, வேலை எல்லாம் அதோட போச்சு. பைத்தியமா உனக்கு?"

ரெக்கார்டரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நெறியாளரிடம் சொல்லிவிட்டே செய்யலாம் என்று அவர் அறைக்குப் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுக்கு இவ்வளவு மனசக் கொழப்பிக்கிற? பேட்டி எல்லாத்துக்கும் பல்கலைக்கழக சர்வர்ல ஒரு காப்பி இருக்கு. சட்டப் பிரிவுல இருந்து காலையிலயே தீர்ப்பாயத்துக்கு அனுப்பிட்டாங்க."

முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. நிம்மதி. அப்பாடா, இனி நான் எதுவும் செய்ய வேண்டாம் என்ற நிம்மதி. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மே 15, வியாழன்

தீர்ப்பாயத்தில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். சின்ன அறை, நல்ல ஸ்பீக்கர். பிளாஸ்திரிக் கதையை அவர் குரல் சொல்லிக்கொண்டு வர, இடையிடையே ஒரு பெண் சிரிக்கிறாள். கெக்கெக்கென்று. நான்தான்.

அவர் குனிந்தே உட்கார்ந்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

வழக்கு தள்ளுபடி. பாதுகாப்புக் கருவியை மறைத்தது மட்டுமே வேலையிலிருந்து நீக்கப் போதுமாம். கேமரா சரியாகப் பார்த்ததா என்ற கேள்விக்குள் போக அவசியம் இல்லையாம். தீர்ப்பில் பெயர் இல்லை; 'மனுதாரர்' என்றே போட்டிருக்கிறார்கள். என் வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன்!

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"நீ என்னம்மா பண்ணுவ, படிக்கிற பொண்ணு," என்றார். "யாராவது சிரிச்சுப் பேசுனா இந்த மனுசனுக்கு எல்லாத்தையும் சொல்லிடணும்."

திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

அந்த டிரைவர் எண்ணுக்கு மறுபடி போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இந்தப் பருவத்தில் முதுகலை மாணவர்களுக்கு நானும் வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். நெறியாளர் ஏற்பாடு. பாடத்திட்டத்தில் அந்தத் தீர்ப்பைச் சேர்த்திருக்கிறார். இந்தத் துறையில் இதுதான் முதல் தீர்ப்பு என்று அவருக்கு ஒரே பெருமை. இன்று அதை நடத்தினேன். குரல் நடுங்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "மேடம், அந்த டிரைவர் நிஜமாவே தூங்கினாரா இல்லையா? தீர்ப்புல அது வரவே இல்லையே."

"அத யாரும் விசாரிக்கல" என்றேன்.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "இது பரீட்சைக்கு வருமா மேடம்?" என்று கேட்டாள்.

வரும் என்றேன்.