பத்து மில்லிமீட்டர் லென்ஸில் உன் தையல் ஹால்

சாப்பிடாமல் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் என் தேவி அக்காவுக்கு,

இன்று விஜயதசமி, காலை பத்தரை மணி. நேற்று ஆயுத பூஜையன்று உன் ஃபேக்டரியில் எடுத்ததில் நாற்பத்தொரு படம் தேறியது. அதில் ஒன்றை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் ஒரு பயம், அனுப்பாவிட்டால் இன்னொரு பயம்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நான் மெயின்டனன்ஸ் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கிறேன். "மெக்கானிக்கல் டிப்ளமா படிச்சிட்டு கண்டவன் கல்யாணத்துல கேமராவ தூக்கிகினு குனிஞ்சி நிக்கிறான்" என்று அம்மா பெரியம்மாவிடம் போனில் சொல்கிறார். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சத்தமாகச் சொல்கிறார். நீ இருந்திருந்தால் அம்மாவைவிட ஜாஸ்தியாகக் கத்தியிருப்பாய். அப்புறம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் என் தம்பி போட்டோகிராபர் என்று பெருமை அடித்திருப்பாய். இல்லையா?

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்கள் அட்மின் சார் கூப்பிட்டார். உங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு படம் கேட்கிறதாம். தையல் ஹாலின் நடைவழி அகலமாக, தடையில்லாமல் இருக்க வேண்டும். அதன் கடைசியில் அவசரக் கதவு தெரிய வேண்டும். படம் பிடித்துப்போனால் ஃபேக்டரியின் படவேலை முழுக்க எனக்கு. அந்த ஹாலில் பின்னால் நகர இடம் ஏது? இரண்டடி போனால் முதுகு சுவரில் முட்டும். அதற்காகத்தான் அல்ட்ரா வைட் லென்ஸ் தேடினேன்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பதினாறு மில்லிமீட்டர் போதும் என்றான் ஒருவன். பெரிய சென்சார் கேமராவுக்கு அது சரி. என் கேமராவில் சென்சார் சின்னது, சுற்றி இருப்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் பதினாறு இருபத்து நாலாகிவிடும். எனக்குப் பத்து வேண்டும். மீன்கண் லென்ஸ் வாங்கு, இன்னும் அகலம் என்றான் இன்னொருவன். அது நேர்க்கோட்டையெல்லாம் வில்லாக வளைக்கும், தையல் ஹால் பலூனுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மூன்றாவதாகப் பார்த்த லென்ஸில் முன்கண்ணாடி முட்டை மாதிரி பிதுங்கி நின்றது. அதில் சாதாரண ஃபில்டரைத் திருகி மாட்ட முடியாது. தோல் தேய்க்கும் தூசியில் எத்தனை நாள் தாங்கும்? நான் பார்த்தது மூன்றுதான்: கோடு நேராக நிற்க வேண்டும், ஒரு சாண் தூரத்திலும் ஃபோகஸ் ஆக வேண்டும், முன்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். ஸ்டாண்டில் வைத்து எடுப்பதால் இருட்டில் வெளிச்சம் அள்ளும் விலையுயர்ந்த லென்ஸ் தேவையில்லை. வேலூரில் ஒருவரிடம் பழையது கிடைத்தது.

வாங்கிய கையோடு கோட்டைக்குப் போனேன். முழுக்கோட்டையும் ஒரே படத்தில் வந்துவிடும் என்று நினைப்பு. வந்தது. மேலே பாதி வானம், கீழே பாதி அகழித் தண்ணீர், நடுவில் கோட்டை ஒரு விரல் தடிமனுக்கு ரிப்பன் மாதிரி. கடுப்பாகி, வெளியே நின்ற சுண்டல் வண்டிக்கு ஒரு சாண் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அண்டா மலை மாதிரி எழுந்தது, அதன் பின்னால் மதில் ஓடியது. அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றையும் அடக்குவதற்கு இல்லை இந்த லென்ஸ், கிட்டே போவதற்கு. "சுண்டல் துண்றியா, இல்ல அண்டாவ துண்றியா?" என்று வண்டிக்காரர் கேட்டார். வாங்கித் தின்றேன்.

இதன் கெட்ட குணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓரத்தில் இருப்பதை இழுக்கும். ஷூவின் மேல்தோலைக் கால் அச்சில் மாட்டி இழுக்கும்போது நடுவில் ஒன்றும் தெரியாது, விளிம்பில்தான் நீளும் என்று நீ சொல்வாயே, அதேதான். பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதை இன்னும் தள்ளும். ஒடுங்கின இடத்தையும் விசாலமாகக் காட்டிவிடும். அட்மின் சாருக்கு வேண்டியது இதுதான்.

நேற்றைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். வருஷத்தில் ஆயுத பூஜைக்கு மட்டும்தானே உங்கள் ஹாலைக் கழுவுவார்கள், வழியில் கிடக்கும் கூடைகளை வெளியே எடுப்பார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. "பூவெல்லாம் படத்துல வர வேணாம் தம்பி, அவுங்களுக்குப் புரியாது" என்றார் அட்மின் சார். நடைவழியின் தொடக்கத்தில் கேமராவை முழங்கால் உயரத்தில் மட்டம் பார்த்து வைத்தேன். பூ தெரிந்த முதல் இரண்டு மெஷினில் மட்டும் மாலையைக் கழற்றி எடுத்தேன்.

"ஏர்போர்ட்டு!" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டார் அட்மின் சார். "இன்னா தம்பி இது, நம்ம ஹாலா? இதான், இதத்தான் கேட்டாங்க."

உன் பக்கத்து மெஷின் ஷாகிரா அக்காதான் இப்போது லைன் லீடர். கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். சுற்றி உன் தோழிகள் ஜமா முழுக்க நின்றது.

"நல்லா கீதுடா. பேரணாம்பட்டு பஸ் ஒண்ண இதுல ஓட்டலாம்."

"ரிவர்ஸும் எடுக்கலாம்க்கா" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். ஷாகிரா அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, போன மாதம் நடந்ததைச் சொன்னார். ஒரு மோட்டார் கருகிப் புகை வந்திருக்கிறது. பசை டின்கள் இருக்கும் ஹால் இல்லையா? மொத்த லைனும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே வழியில் புகுந்து, நடுவில் சிக்கிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பெண் கீழே விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. புகை தானாக அடங்கியதால் பிழைத்தார்கள். "நெருப்பா இருந்தா?" என்று அவரே கேட்டுவிட்டு அவரே பேச்சை மாற்றினார்.

எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. வயிற்றில் பாப்பாவோடு நீ அந்த வழியில் ஒருக்களித்து நடந்தவள்தானே.

"ஷாகிராக்கா, வழியில போயி இடுப்புல கை வச்சி நில்லு" என்றேன்.

"ஏன்டா, என்ன ரெண்டு ஆளா ஆக்கப் போறியா?"

"நடுவுல நிக்கறவங்கள ஒண்ணும் பண்ணாது. ஓரத்துல நின்னாதான் குண்டாவ."

நின்றார். இரண்டு முழங்கையும் இரண்டு பக்க மெஷினிலும் இடித்தன. கேமராவை நகர்த்தவே இல்லை. அதே லென்ஸ், அதே உயரம். ஆனால் ஒரு ஆள் வந்து நின்றதும் ஏர்போர்ட் காணாமல் போய்விட்டது. எடுத்த படத்தை ஷாகிரா அக்கா வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இத அனுப்பாதடா. ஆர்டர நிறுத்திட்டான்னா லைன மூடிருவாங்க. நாங்க எங்க போவோம்?"

இதுதான் என் பேஜார். பொய்ப் படத்தை அனுப்பினால் அவர்கள் அந்தச் சந்துக்குள்ளேயே கிடப்பார்கள். நிஜப் படத்தை அனுப்பினால் வேலையே போகலாம். நெரிசலில் மாட்டப் போகிறவர்களே பொய்யை அனுப்பு என்று கெஞ்சினால் நான் என்ன செய்ய?

காலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். இந்த லென்ஸில் எடுத்தால் நான்கு மூலையையும் பார்க்காமல் விடக் கூடாது, வேண்டாதது ஏதாவது நுழைந்திருக்கும். வலது மூலையில் சுவரோரமாக மூன்று மெஷின் இழுபட்டுச் சரிந்து தெரிந்தன. பிளாஸ்டிக் உறை போட்டவை. உறைக்கு மேலேயே குங்குமம், பூ. ஓடாத மெஷினுக்கு எதற்குப் பூஜை? அந்த மூன்றையும் தூக்கிவிட்டால் பக்கத்து வரிசையைச் சுவர் வரைக்கும் தள்ளலாம். நடைவழிக்கு இரண்டடி கூடும். இது ஒருவருக்குமா தோன்றவில்லை? உடனே ஷாகிரா அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அந்த மூணு செத்த மெஷின் எதுக்குக்கா அங்க?"

"பூஜ போட்டத எப்பிடிடா காயலான் கடைக்கு அனுப்புறது? மெக்கானிக் ரெண்டு வாட்டி தூக்க வந்தான். நாங்கதான் விடல."

"ரெண்டடி இடத்த அடைச்சிகினு கீது. அன்னிக்கி மாட்டினீங்களே, அதுக்கு அதான் காரணம்."

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நடுவுல கீறது உங்கக்காவோடது."

எனக்குத் தெரியாது அக்கா. காய்ச்சலில் நீ எங்களை விட்டுப் போன பிறகு மோட்டார் பழுதான உன் மெஷினை, அவர்கள் சுவரோரம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் முதல் பொட்டு அதற்குத்தான். மற்ற இரண்டும் அதன் தயவில் நிற்கின்றன. ஷாகிரா அக்கா முஸ்லிம், குங்குமம் வைக்க மாட்டார். பூ மட்டும் அவர் வாங்கி வருவாராம்.

"அத மட்டும் தொடாதடா. தேவி அங்க ஒக்காந்துகினு கீற மாதிரி எங்களுக்கு" என்றார்.

கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. உன்மேல் உள்ள பிரியத்தை இரும்பாக்கி, வழியை ஒடுக்கி வைத்திருக்கிறார்கள். இதை அட்மின் சார் சொன்னால் சண்டை வரும். மெக்கானிக் சொல்லித் தோற்றுவிட்டான். சொல்லக்கூடிய ஆள் உன் வீட்டில் நான் ஒருவன்தான். நாளைக்கு அந்தப் பெண்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்பார்கள். நீயும் அப்படித்தான் நினைப்பாயா? உன்னைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அட்மின் சார் இப்போதுதான் மறுபடி கூப்பிட்டார். "இன்னா தம்பி, ஒரு படத்த அனுப்ப இவ்ளோ நேரமா? எனக்கு மேல ஆளுங்க கீறாங்கப்பா." அவர் குரலும் என் குரல் மாதிரியே இருந்தது. பாவம், அவருக்கும் பயம்.

நான் இப்படிச் செய்யப் போகிறேன், உனக்குத் தருகிற வாக்கு இது:

1. ஏர்போர்ட் படத்தை இப்போதே அழிக்கிறேன். கையில் இருந்தால் அவர் இரண்டு தரம் கெஞ்சினதும் கொடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

2. மதியம் ஷாகிரா அக்கா வீட்டுக்குப் போவேன். அழுதால் கூடவே உட்கார்ந்திருப்பேன், ஆனால் பேச்சை மாற்ற மாட்டேன். தேவி இருந்திருந்தால் தன் மெஷினைத் தானே இழுத்து வெளியே போட்டிருப்பாள் என்று சொல்வேன். அது பொய்யில்லையே?

3. அங்கிருந்து நேராக அட்மின் சாரிடம். முழங்கைப் படத்தையும், வரிசையைத் தள்ளுவதற்கு நான் போட்ட வரைபடத்தையும் காட்டி, ஷூ வாங்கும் கம்பெனியிடம் ஒரு வாரம் தவணை கேட்கச் சொல்வேன். முடியாது என்றால் வேறு ஆளை வைத்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஆள் ஏர்போர்ட் படத்தையே எடுத்துவிடுவானோ என்கிற பயம் எனக்கு இருக்கிறது. அதையும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

4. சம்மதித்தால், ஹால் திறக்கும் அன்றைக்கு ஸ்பானரோடு நானே வருவேன். உன் மெஷினை வேறு யாரும் கழற்றக் கூடாது. வீட்டுக்கும் கொண்டுவர மாட்டேன், அம்மா அதற்கும் பூ வைக்க ஆரம்பித்துவிடுவார். உருக்கப் போகட்டும்.

5. வரிசையைத் தள்ளிய பிறகு அதே லென்ஸில் இன்னொரு படம். உன் ஜமா முழுக்க அந்த வழியில் இரண்டிரண்டு பேராக, ஒருவரை ஒருவர் இடிக்காமல், கதவுவரை நடக்க வேண்டும். அதைத்தான் அனுப்புவேன். நீ அதில் எங்கேயும் இருக்க மாட்டாய், அக்கா.

பயந்தாலும் செய்து முடிக்கும்,
உன் கூடப்பிறந்த ஒரே தம்பி,
சரவணன்