எங்கள் பாஸ்டரை அனுப்பிய வாரம்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. எஸ்டேட் பாதை முழுக்கச் சேறு. சபைக்குப் போய்ச் சேர்வதற்குள் சேலை நாசம்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது என் வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தார். பாஸ்டருக்குப் பெண் பார்த்திருக்கிறாராம். அம்பாங்கான் ஊர், டீச்சர், நல்ல குடும்பம். பாஸ்டர் அருள் கப்பைக் கீழே வைத்தார்.

"இனிமே பாக்காதீங்க அண்ணே. எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் கெடையாது. ஆம்பளைங்க மேலதான். யார்கூடயும் வாழல, ஒழுங்காத்தான் இருக்கேன். ஆனா பொய் சொல்லி ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க மாட்டேன்."

ஆளாளுக்குக் குடையைத் தேடினார்கள். பிஸ்கட் தட்டு அப்படியே.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. மாலையில் சபைக் கமிட்டி எங்கள் வீட்டில். இவர்தான் செயலாளர். எனக்கு டீ போடும் வேலை.

அடுப்படி வரை கேட்டது.

"வேதத்துல தெளிவா இருக்குலா. மாத்த நாம யாரு?" இவர்.

"மலேசியச் சட்டத்துல இது குத்தம், வெளிய தெரிஞ்சா போலீஸ் கேஸ். அவரே போயிடட்டும்." பொருளாளர் தேவராஜ்.

போன வருஷம் இவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் மூத்திரச் சட்டி எடுத்துக் கழுவியது யார்? பாஸ்டர். அப்போது இந்த வேதம் எங்கே போயிருந்தது?

தட்டை டொக்கென்று வைத்தேன்.

"லூக்கா பதினாறையும் வாசிங்க. மொத சம்சாரத்தத் தள்ளிட்டு இன்னொருத்தியக் கட்டுறதுக்கு அங்க விபசாரம்னு பேரா இல்லையான்னு சொல்லுங்க."

நான் இவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி சி ரூசாவில் உயிரோடு. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எங்கள் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்.

"உள்ள போ மெர்சி."

போகவில்லை. பயம் இல்லை.

"நமக்குன்னா கிருபை, அவருக்குன்னா சட்டமா?"

தேவராஜ் ஓட்டுக்கு விட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது. இவர் கைதான் முதலில். பாஸ்டர் வேண்டாமாம்.

ஜூலை 10, வியாழன்

மூட்டம். வாங்க: வெங்காயம், காஸ், சோப்.

பாஸ்டர் கிளம்பிவிட்டார், கோலா கிளாவாங்கில் தங்கை வீட்டுக்கு. சாமானுக்கு லாரி எதற்கு, பழைய காரே போதுமாக இருந்தது. வழியனுப்ப ஒரு நாதி இல்லை. அவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளின் வீட்டுக் கதவெல்லாம் சாத்தி. சோறு கட்டிக் கொடுத்தேன்.

"எனக்காக வீட்டுல சண்ட போடாதீங்க அக்கா."

"ஒங்களுக்காக இல்ல பாஸ்டர். எனக்கே ஆத்திரம்."

சிரித்தார். பிறகு காரில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. கார் திரும்பும்வரை அங்கேயே நின்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

புழுக்கம். சபைக்குப் போகவில்லை. குழம்பு மட்டும்.

இவர் சீக்கிரமே திரும்பினார். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. இன்று பைபிளும் கையுமாக அடுப்படி வாசலில்.

"மெர்சி, அந்த லூக்கா வசனத்த அப்படியே எடுக்கக் கூடாதுலா. அந்தக் காலத்து நெலம வேற. மனுஷனோட கஷ்டத்தையும் பாக்கணும்."

கரண்டியை வீசினேன். சுவரெல்லாம் குழம்பு.

"இத செவ்வாக்கெழம சொல்லியிருக்கணும்."