சம்பா மோசானம்

2001 ஆகஸ்ட் 12, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கம் கூடினோம். எங்கள் நிலமெல்லாம் ஏரியின் உள்வாயில், கரைக்கு உட்புறம். கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அதைத் தாங்கி நிற்கிற நெல் சம்பா மோசானம்தான். இந்த வருஷம் யாரும் கடை விதை வாங்குவதில்லை; என் குதிரிலிருந்து எல்லோருக்கும் மோசானம் கொடுப்பது என்று முடிவு. அம்சாதான் முதலில் சரியென்றாள். மதுராந்தகத்தில் விதைக்கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் கோபிப்பார் என்று பயந்தேன். "நல்லதுதான்" என்றார்.

ஆகஸ்ட் 20
மகளுக்கு வலி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. விதையை வீட்டுக்காரரே அளந்து கொடுத்துவிடுகிறாராம்.

ஆகஸ்ட் 22
பேத்தி. என் மூக்கு.

செப்டம்பர் 14
ஊர் திரும்பினேன். ஒருவர் வயலிலும் முளை இல்லை. மண்ணைக் கிளறினால் நெல் போட்டபடி கிடக்கிறது. உமியை உரித்தேன். புழுங்கல் அரிசி! விதையை யாரோ அவித்துக் காயவைத்திருக்கிறார்கள். யாரோவா?

செப்டம்பர் 15
கேட்டேன். மறுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஊரே உன் வெதைய போட்டா என் கடைய இன்னா பண்றது? ஒரு ஆவி வுட்டு எடுத்தேன்."
குதிரில் மிச்சம் இருந்தது? அதையும்தான். ஒரு பிடி விடவில்லை. பாவி.

செப்டம்பர் 16
சபையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "கெட்டுப்போன நெல்ல குடுத்துட்டு, கட்னவன் மேல பழி போடறியே ரெபேக்கா" என்றாள் அம்சா. கடை விதையை அவரே அவள் வீட்டில் கொண்டுபோய் இறக்கினாராம். தங்கமான மனுஷனாம்.

நவம்பர் 27
ஏரி நிரம்பிவிட்டது. கடை நெல் தண்ணீருக்குள் அழுகுகிறது. நாற்றம் தெருவரைக்கும். அதற்கும் என்னைத்தான் ஏசுகிறார்கள்.

டிசம்பர் 25
வீட்டுக்கு யாரும் வரவில்லை.

2002 ஜூன் 9
மோசானம் தேடிப் படாளம் பக்கமெல்லாம் அலைந்தேன். யாரிடமும் இல்லை. அம்சாவின் வீட்டுக்காரர் பொத்தேரியில் சித்தாள் வேலைக்குப் போகிறாராம்.

2003 ஜூலை 18
என் வீட்டுக்காரருக்குக் கால் வீக்கம். கடைக் கல்லாவில் இப்போது நான்தான். இன்று அம்சா வந்தாள். மேட்டு நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறாளாம். வீரிய ஒட்டுநெல் விதை கேட்டாள். தயங்கி நின்று, "இதுல கொஞ்சம் எடுத்து வெச்சா அடுத்த வருசத்துக்கு ஆவுமா?" என்றாள்.
"ஆவாது. வருசா வருசம் இங்கதான் வாங்கணும்."
அவள் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்துக்கொண்டே பையைக் கட்டினேன். மனசுக்கு நன்றாக இருந்தது.